பெருந்தலைவரும் சுதந்திரக் கருத்தும்: மலைநாட்டு வரலாற்றினடியாகச் சில சிந்தனைகள்

வரலாற்றில் பெருந்தலைவர்கள் வகிக்கும் பங்கு யாது என்ற வினாவும், சுதந்திரம் என்ற சொல்லுக்கு வரலாற்றாசிரியன் எப்பொருளைக் கொள்கிறான் என்ற வினாவும் பெரும்பாலும் இணைந்தே எழுவன. மனிதர் தம் வரலாற்றைத் தாமே ஆக்குகின்றனராயினும் தாம் தெரிந்தெடுத்த சூழலில் அதனை ஆக்குவதில்லை என்று 1852இல் மார்க்ஸ் எடுத்துரைத்தார். 1898இல் பிளெக்கானவ் தனிமனிதரின் பங்கு பற்றித் தனிநூலே எழுதினார். எனினும், இவ்விவாதம் பல்கலைக்கழக மண்டபங்களைக் கடந்து பொதுமக்கள் காதில் விழத்தக்க வகையில் நடைபெற்றது 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரித்தானியாவிலேயாம். அங்கு ஐசையா பேர்லினும் ஈ. எச். கார் என்பாரும் நிகழ்த்திய சொற்பொழிவுகள் வானொலியிலும் ஒலித்து, பின்னர் நூல்வடிவம் பெற்றன. அச்சொற்பொழிவுகளின் கருத்துகளை, அவற்றை நிகழ்த்தியோர் ஒருபோதும் நினைத்துப் பார்த்திருக்க முடியாத ஓரிடத்தில், அதாவது உடப்புசல்லாவையை உள்ளிட்ட எமது மலைநாட்டுத் தோட்டப்புறத்தில், உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலைநாட்டு மக்களின் வரலாறு இன்று பெரிதும் தலைவர்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வருவதனால் இம்முயற்சி அவசியமாகின்றது.

பேர்லின் கருத்து வரலாற்றாசிரியர். 1952ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் எல்வேசியஸ், ரூசோ, ஃபிக்டே, ஹெகல், சான் சிமோன், மேஸ்த்ர் ஆகிய ஆறு சிந்தனையாளர்களைப் பற்றியவை. சுதந்திரத்தின் பெயராலேயே சுதந்திரத்துக்குத் துரோகம் இழைத்தவர்கள் இவர்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. அவ்வாறு உரைகளுள் ரூசோவைப் பற்றியதன் ஒலிப்பதிவு மட்டுமே எஞ்சியுள்ளது. ஏனையவை தட்டச்சுப் பிரதிகளிலிருந்து மீட்கப்பட்டு 2002இலேயே நூலாயின. 1953இல் இலண்டனில் நிகழ்த்திய மற்றோர் உரையில், வரலாறு தவிர்க்கவியலாத நியதிகளால் நடப்பதெனக் கொண்டால் மனிதரைப் புகழவோ பழிக்கவோ இடமில்லாது போய்விடும் என்று வாதிட்டார். 1958இல் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய உரையில், பிறர் தலையீடின்றி இருத்தல் என்னும் எதிர்மறைச் சுதந்திரத்தையும், தன்னைத் தானே ஆளுதல் என்னும் நேர்மறைச் சுதந்திரத்தையும் வேறுபடுத்தி, பின்னதிலேயே கொடுங்கோன்மை ஒளிந்துள்ளது என எச்சரித்தார். அதே வேளை சேர்ச்சில், ரூஸ்வெல்ற், வைஸ்மான் முதலியோரைப் பற்றி அவர் தீட்டிய சொல்லோவியங்கள், தனிமனிதரின் ஆளுமை வரலாற்றின் போக்கையே திருப்பிவிடும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை.

கார் இதற்கு மறுதலையான திசையில் நின்றவர். 1961இல் கேம்பிரிஜ்ஜில் 'வரலாறு என்பது யாது' என்ற பொருளில் அவர் நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகள் பேர்லினுக்கு அளித்த விடையாகவும் அமைந்தன. வரலாற்றைத் தலைவர்களின் நற்குண துர்க்குணங்களால் விளக்குவதை அவர் எள்ளி நகையாடினார். பெருந்தலைவன் வரலாற்றுப் போக்கின் விளைபொருளாகவும் அதேசமயம் அதன் செயலூக்கமுள்ள கருவியாகவும் விளங்குபவன் என்பது அவரது நிலைப்பாடு. வரலாற்றாசிரியன் காரணங்களைத் தேடுபவனேயன்றித் தனிமனிதரின் ஒழுக்கத்துக்குத் தீர்ப்பு வழங்குபவன் அல்லன் என்றும் அவர் கூறினார். இவ்வளவில் அவரோடு நாம் உடன்படலாம். ஆனால் நடந்திருக்கக்கூடியவற்றைப் பற்றிப் பேசுவது தோற்றவர்களின் பொழுதுபோக்கு என்னும் தொனியும் அவ்வுரைகளில் உண்டு. அதனை ஏற்பதற்கு முன் மலைநாட்டு வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் அது பெரிதும் தோற்றவர்களின் வரலாறாகும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகச் செல்லும் பாதையில் உடப்புசல்லாவை அமைந்துள்ளது. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை சிறு இருப்புப்பாதையும் இருந்தது. 1900களின் தொடக்கத்தில் தேயிலைப் பெட்டிகளுக்காகவே இடப்பட்ட அப்பாதை 1940களில் மூடப்பட்டுவிட்டது. இப்பகுதியின் வரைபடத்தை நோக்குவோர் கேர்க்லீஸ், லிடெஸ்டேல், டெல்மார் என்னும் தோட்டப் பெயர்களைக் காண்பர். கேர்க்லீஸ் யோக்ஷயரிலும் லிடெஸ்டேல் ஸ்கொத்லாந்தின் எல்லைப்புறத்திலும் உள்ள இடங்கள். தோட்டத்துரைமார் தம் ஊர்ப் பெயர்களை மலைகளுக்கு இட்டனர். தொழிலாளரோ தமக்கெனத் தமிழ்ப் பெயர்களை வழங்கினர். பேர்குசனின் இலங்கைக் கைநூல் தோட்டங்களின் பட்டியலோடு அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் தந்துள்ளது. ஆட்களைத் திரட்டவும் கடிதங்களைச் சேர்ப்பிக்கவும் அப்பெயர்கள் துரைமாருக்குத் தேவைப்பட்டன. தொழிலாளர் படைத்த சொல்வளத்தின் ஒரு பகுதி முதலாளியின் வணிகக் கைநூலிலே அடைக்கலம் பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. அடக்கப்பட்டோரின் வரலாற்றுக்கான சான்றுகள் பெரும்பாலும் இவ்வாறு பிறருடைய தேவைகளின் ஓரத்திலேயே கிடைக்கின்றன.

இதே மலைச்சாரலின் மறுபக்கத்தில் வலப்பனைச் சிங்களக் கிராமங்கள் உள்ளன. 1880களில் தானியவரியைச் செலுத்த இயலாத விவசாயிகளின் வயல்கள் அங்கு ஏலத்தில் விற்கப்பட்டன. மக்கள் பட்டினியால் மாண்டனர். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை அம்பலப்படுத்தினார். 1892இல் தானியவரி ஒழிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினால் மேட்டுநிலத்தையும், தானியவரியினால் வயலையும் இழந்த கண்டிய விவசாயியும், தமிழகத்தில் நிலமற்று, கடன்பட்டுக் கப்பலேறிய தொழிலாளியும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு பலிகள். பிற்காலத்தில் ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தியே அரசியல் நடத்தப்பட்டது. ஆதலால் இவ்வுண்மையை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

சுதந்திரம் என்னும் சொல்லைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் பொருத்தமாகும். இன்று நாம் அரசியல் உரிமை என்ற பொருளில் வழங்கும் இச்சொல், தமிழகத்துக் கிராமக் கணக்குகளில் வேறொரு பொருளையும் கொண்டிருந்தது. கிராம ஊழியர்களும் குடிமைத் தொழில் செய்வோரும் அறுவடைக் களத்தில் பரம்பரை உரிமையாகப் பெற்ற தானியப் பங்கே 'சுதந்திரம்' எனப்பட்டது. அது சாதியமைப்பின் பிணைப்போடு கூடிய பங்கு. ஆயினும் கேட்டுப்பெறத்தக்க பங்கு. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்தோர் அந்தப் பிணைப்பை முற்றாக விட்டு வந்தனர் என்று கூறமுடியாது. லயத்திலும் சாதி இருந்தது. ஆனால் அந்தப் பங்கினை விட்டு வந்தனர். புதிய இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கூலியும் கடனுமே. சுதந்திரத்தைப் பேர்லின் விளக்கியது போலத் தலையீடின்மையாக மட்டும் காணாது, விளைச்சலில் ஒரு பங்காகவும் கண்ட மக்கள் மரபொன்று எம்மொழியிலேயே உண்டென்பது சிந்திக்கத்தக்கது.

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆகவே தோட்டத்துக்கு வந்த தொழிலாளி சட்டத்தின் கண்ணில் சுதந்திரமான மனிதன். அவன் தன் விருப்பப்படி ஒப்பந்தம் செய்துகொண்டவன். ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அவ்வொப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனைக்கு வழிசெய்தது. சட்டம் பிடிக்காதவனைத் 'துண்டு' பிடித்தது. கங்காணியும் அவன்கீழ் உள்ள ஆட்களும் தோட்டத்துக்கு இவ்வளவு கடன்பட்டுள்ளனர், அதனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. வேறொரு தோட்டத்துத் துரை அக்கடனைச் செலுத்தினால் ஆட்கள் அங்கே செல்வர். கடனும் அவர்களோடு செல்லும். பெயரளவில் கடன் கைமாறியது. நடைமுறையில் மனிதர் கைமாறினர். 1921இல் துண்டுமுறை தடைசெய்யப்பட்டது. அதனையொட்டித் தொழில் ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையும் நீங்கிற்று.

பேர்லினின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் 1921ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளியின் சுதந்திர ஆண்டாகும். அவன் போக விரும்பினால் எவரும் தடுக்கமுடியாது. ஆனால் அவன் குடியிருந்த லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலையை விடுபவன் அன்றே வீட்டையும் விடவேண்டும். தோட்டத்துக்குள் வருவோர் போவோரைத் துரை தடுக்கலாம். தொழிற்சங்கத்தார் உட்புகுந்தால் அத்துமீறல் வழக்குத் தொடரலாம். பத்துச்சீட்டுக் கொடுக்கப்பட்ட ஒருவனைப் பக்கத்துத் தோட்டமும் ஏற்காது. தலையீடு இல்லை, போக்கிடமும் இல்லை. எதிர்மறைச் சுதந்திரம் பொய்யானதென்று நாம் கூறவில்லை. சிறைக்குப் போகாதிருத்தல் பெரும் பேறு என்பதைச் சிறைக்குப் போனவர்களே அறிவர். ஆனால் உற்பத்திச் சாதனங்கள் எவர் கையில் உள்ளன என்ற வினாவை விலக்கிவைத்துச் சுதந்திரத்தை வரையறுப்போர், லயத்தின் வாசற்படியோடு நின்றுவிடுகின்றனர்.

குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இல் நிறைவேறியது. அதன்படி உயர்நிலத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் என விதிக்கப்பட்டது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்களாதலின் தேயிலைத் தொழிலின் இலாபம் எங்கிருந்து வந்தது என்பதை இவ்வெண்களே காட்டும். அடுத்துவந்த உலகப் பொருளாதார மந்தத்தின்போது இக்கூலியும் குறைக்கப்பட்டது.

இச்சூழலிலேயே கோ. நடேசய்யர் தோன்றுகிறார். தஞ்சாவூரிலிருந்து வந்த இப்பிராமணப் பத்திரிகையாளர், தோட்டங்களுக்குள் நுழைவதற்காகப் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டார் எனக் கூறப்படுகிறது. 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளில் ஈடுபட்டார். 1920களில் ஏ. ஈ. குணசிங்காவுடன் கொழும்புத் தொழிலாளர் இயக்கத்தில் நின்றார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிரான நிலைக்குச் சாய்ந்தபோது அவரைப் பிரிந்து, 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் அரசாங்க சபையிலும் அங்கம் வகித்து, 1947இல் மறைந்தார். மறக்கப்பட்டுக் கிடந்த இவரை மீட்டெடுத்தவர் சாரல்நாடன். 1988இல் வெளிவந்த 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் அவரது நூலுக்கு மலையக ஆய்வுலகம் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் அந்நூலுக்குப் பின் எழுந்த பல கட்டுரைகள் நடேசய்யரை இருளில் ஒளியேற்ற வந்த ஒற்றை விளக்காகச் சித்திரிப்பது வருந்தத்தக்கது. ஒருவர் வந்து விழிப்பூட்டும் வரை உறங்கிக் கிடந்த மக்கள் என்னும் படிமம், கூலி என்ற சொல்லை இழிசொல்லாக்கிய துரைமாரின் படிமத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

நடேசய்யர் காலத்துக்கு முன்னரும் தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. தப்பியோடுதலே அவர்களின் முதல் எதிர்ப்பு வடிவம். அதனைக் குற்றமாக்க ஒரு சட்டமும், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்த நீதவான் மன்றங்களும் தேவைப்பட்டமையே அவ்வெதிர்ப்பின் பரப்புக்குச் சான்று. சிதறிய அவ்வெதிர்ப்புக்கு அச்செழுத்தையும் அமைப்பையும் சட்டசபை மேடையையும் தந்தமையே நடேசய்யரின் தனிச்சிறப்பு. இச்சிறப்பு சிறிதன்று. காரின் சொல்லாட்சியை நினைவுகூர்ந்தால், அவர் விளைபொருளும் கருவியுமாவார். அவரது எல்லைகளும் அக்காலத்தின் எல்லைகளே. 'இந்தியத் தொழிலாளர்' என்ற பெயரிலேயே அவர் அம்மக்களைத் திரட்டினார். வெளிநாட்டு அரசொன்றின் பாதுகாப்பைக் கோருவதற்கு அன்று உதவிய அப்பெயரே பின்னர் அவர்களை அந்நியராக்குவதற்கும் உதவியது.

அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடினார். பாடல்களைச் சிறு பிரசுரங்களாகவும் வெளியிட்டார். எழுத்தறியாத மக்களிடையே, அவர்கள் அறிந்த சிந்து மெட்டுகளிலே சட்டங்களையும் கூலிவிகிதங்களையும் பாடிக் காட்டுவது எத்துணை ஆற்றல் வாய்ந்த அரசியற் செயல் என்பதை இலக்கிய மாணவர் உணர்தல் வேண்டும். எமது இலக்கிய வரலாறுகள் 1930களைப் பேசும்போது மணிக்கொடிக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றையேனும் இப்பாடல்களுக்குக் கொடுத்ததில்லை. குரல் பதிவு என்று நோக்கினால் இங்குள்ள ஏற்றத்தாழ்வு தெளிவு. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது ஆற்றிய உரைகள் அனைத்தையும் மகாதேவ தேசாய் குறித்துவைத்து 1928இல் நூலாக்கினார். மதுவை விடுமாறு தோட்டத் தொழிலாளருக்கு அவர் கூறிய அறிவுரை எமக்குக் கிடைக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தோர் திரும்பும் வழியில் தமக்குள் என்ன பேசினர் என்பது எங்கும் பதியப்படவில்லை. தொழிலாளர் குரல்கள் பெரும்பாலும் வாய்மொழிப் பாடல்களிலேயே தங்கின. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்து 1983இல் வெளியிட்டிராவிடில் அவற்றுட் பல அழிந்தே போயிருக்கும்.

தலைவர், சுதந்திரம், பதிவு ஆகிய மூன்றும் ஒருங்கே வெளிப்படும் இரு நிகழ்ச்சிகளை இனி நோக்குவோம். மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கெலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரைத்தனம் பயில வந்தவர். தொழிலாளர் படும் இன்னல் கண்டு சமசமாஜிகளோடு சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் பேசினார். தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். ஆட்கொணர்வு மனுவின்மீது அவ்வாண்டு மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நிறைவேற்று அதிகாரத்தின் தன்னிச்சைக்கு எதிராகத் தனிமனித சுதந்திரம் காப்பாற்றப்பட்ட வழக்காகச் சட்ட மாணவர் இதனைப் படிப்பர். அப்புகழ் உரியதே. பேர்லின் போற்றும் சுதந்திரம் இங்கே தன் முழு வலிமையோடு வெளிப்படுகிறது.

மூன்றாண்டுகளின் பின், 1940 ஜனவரி 10ஆந் தேதி, கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் நாளொன்றுக்கு 16 சதக் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அரசு விசாரணை ஆணைக்குழுவொன்றை நியமித்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். இவ்வேளை, வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைக்குமாறு உள்நாட்டு மந்திரி கூறியதைப் பொலிஸ் மா அதிபர் ஏற்கவில்லை. தேசாதிபதி மா அதிபரின் பக்கம் நின்றார். மந்திரிமார் பதவி விலகினர். இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்று நூல்களில் முல்லோயா இடம்பெறுவது இந்நெருக்கடியின் பொருட்டே. மந்திரிக்கும் தேசாதிபதிக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்பதற்கு அது எடுத்துக்காட்டாகிறது. 16 சதம் அடிக்குறிப்புக்குச் சென்றுவிடுகிறது. கோவிந்தன் அடிக்குறிப்பிலும் இல்லாது போவதுண்டு. 1972இல் குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி எழுதிய ஆய்வு இப்போக்கை மாற்றிய முன்னோடி முயற்சிகளில் ஒன்றாகும். பேர்லின் தீட்டிய பெருந்தலைவர் ஓவியங்களுள் மிகவும் புகழ்பெற்றது 1940ஆம் ஆண்டின் சேர்ச்சிலைப் பற்றியது என்பதையும் இங்கு குறிப்பிடலாம். அதே ஆண்டு, அதே சாம்ராச்சியம்.

முல்லோயாவைத் தொடர்ந்து அவ்வாண்டில் வேலைநிறுத்தங்கள் மலைநாடெங்கும் பரவின. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டப் போராட்டம் அவற்றுட் பெயர்பெற்றது. தோட்டத்துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு பேசி உடன்படிக்கைக்கு வரவேண்டிய நிலை ஏற்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமையை எந்தத் தலைவரும் பெற்றுக் கொடுத்துவிடவில்லை. அதே வேளை, 1939 ஜூலையில் நேரு வந்துசென்றதை ஒட்டி உருவான இலங்கை இந்தியக் காங்கிரசும், சமசமாஜிகளின் சங்கமும் களத்தில் இல்லாதிருப்பின் அவ்வேலைநிறுத்தங்கள் அந்தந்தத் தோட்டத்தோடு அணைந்துபோயிருக்கக்கூடும். இவ்விரண்டையும் ஒருசேரக் கூறுவதே வரலாற்றாசிரியனின் கடமை என நாம் கருதுகிறோம்.

காருக்கும் பேர்லினுக்கும் இடையிலான வாதம் எமக்கு வெறும் ஏட்டுவாதமாக இல்லாது போகும் இடம் 1948 ஆகும். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை, வதிவிட நிபந்தனைகளுக்குட்பட்டேனும், தோட்டத் தொழிலாளரையும் வாக்காளராக்கியிருந்தது. 1947 பொதுத் தேர்தலில் 95 தொகுதிகளுள் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 மட்டுமே கிடைத்தன. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் 18 இடங்களைப் பெற்றன. மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. 1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னரே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1949இல் மேலும் இரு சட்டங்கள் வந்தன. பிரசாவுரிமை இல்லாதோருக்கு வாக்குரிமையும் இல்லையென்றாயிற்று. 1952 தேர்தலில் மலைநாட்டுத் தமிழ் மக்களின் பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. நாட்டின் சுதந்திரமும் அம்மக்களின் உரிமையிழப்பும் ஒரே ஆண்டின் பிள்ளைகள்.

இதனை எவ்வாறு விளக்குவது? டி. எஸ். சேனநாயக்காவின் இனத்துவேஷமே காரணம் என்பார் ஒரு சாரார். இது பெருந்தலைவர் கொள்கையின் எதிர்மறை வடிவமேயாகும். வீரனுக்குப் பதிலாக ஒரு வில்லனை நிறுத்துகிறது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத் தொழிலாளர் தம் குடியிருப்புகளிலிருந்து வெளியேற மறுத்து நடத்திய போராட்டமும், அதனையொட்டிய பரந்த வேலைநிறுத்தமும், 1947 தேர்தல் முடிவும், ஆளும் வர்க்கம் எதற்கு அஞ்சியது என்பதைத் தெளிவாக்குகின்றன. தொழிலாளியின் வாக்கு வர்க்க வாக்காக மாறிவிடுமோ என்பதே அவ்வச்சம். கண்டிய விவசாயியின் நிலப்பசி அவ்வச்சத்தை மறைக்கும் திரையாகப் பயன்பட்டது. வலப்பனை விவசாயியின் வயலைப் பறித்தவர் தோட்டத் தொழிலாளி அல்லர் என்பதை எவரும் அவ்விவசாயிக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஆனால் இந்த வர்க்க விளக்கத்தோடு நின்றுவிட்டால் பேர்லினின் எச்சரிக்கைக்கு நாம் இரையாகிவிடுவோம். நிகழ்ந்தது நிகழ்ந்தே தீரவேண்டியதாயிருந்தது எனின், கை உயர்த்தி வாக்களித்தவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்களாகிவிடுவர். அதே பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர்களும் இருந்தனர். இடதுசாரிகள் எதிர்த்தனர். தமிழ்க் காங்கிரஸ் 1948 சட்டத்தை எதிர்த்து, பின்னர் அரசாங்கத்தில் இணைந்தது. அதனை ஏற்காத செல்வநாயகம் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தெரிவு செய்வதற்கு இடமிருந்தது என்பதற்கு இவையே சாட்சி. நடவாது போனவற்றைப் பேசுதல் தோற்றவர் பொழுதுபோக்கு என்னும் காரின் ஏளனம் இங்குப் பொருந்தாது. எந்த வழிகள் திறந்திருந்தன, அவற்றை அடைத்தவர் எவர் என்று கேட்பது இயங்கியல் நோக்குக்கு முரணானதன்று. அவ்வாறு கேளாத மார்க்சியம், வெற்றிபெற்றவர்களின் ஐந்தொகைக் கணக்கேயாகும்.

இக்கேள்வியை எம்முடைய பக்கத்தாரிடமும் கேட்டேயாகவேண்டும். 1948இல் மலைநாட்டு மக்களுக்காக உரத்துக் குரல்கொடுத்த லங்கா சமசமாஜக் கட்சி 1964 ஜூனில் திருமதி பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் இணைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆந் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு எனப் பங்கிடப்பட்டது. பின்னர் 1974இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு நாட்டுப் பெருந்தலைவர்கள் கையொப்பமிட்ட அவ்வாவணத்தில், பங்கிடப்பட்டோரின் பிரதிநிதி எவரும் கையொப்பமிடவில்லை. தேர்தற் கணக்கும் மந்திரிப் பதவிகளும் கட்சியின் நிலைப்பாட்டை மாற்றின என்று விளக்குவது எளிது, விளக்கமும் சரியே. எனினும் கோவிந்தனுக்காக வாதாடியவர்களின் கட்சி அன்று அமைச்சரவையில் இருந்தது என்ற உண்மை அவ்விளக்கத்தினால் கரைந்துவிடுவதில்லை.

உடப்புசல்லாவை, இராகலை, கந்தப்பளைத் தோட்டங்களிலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுக்கும் தம்பி இலங்கைப் பிரசாவுரிமைக்கும் விண்ணப்பிக்க நேர்ந்த காலம் அது. தலைமன்னார் இறங்குதுறை வரையிலான அப்பயணங்களை எழுதுவதற்குச் சிறுகதையாசிரியர்கள் முன்வந்த அளவுக்கு வரலாற்றாசிரியர்கள் முன்வரவில்லை. ஆட்களைச் சுமந்த புகைவண்டிகளின் பட்டியல்கள் அரசாங்க அலுவலகங்களில் உண்டு. அவ்வண்டிகளில் ஏறியோர் நீலகிரியிலும் பிறவிடங்களிலும் சொல்லிவரும் கதைகள் முதியோரின் நினைவில் உண்டு. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கிடக்கும் இந்நாளில் அவை பதியப்படாது போவதற்குக் கருவிப் பற்றாக்குறை காரணமாகாது.

மலைநாட்டு மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் இடம்பெற்றது. முன்னோர் காட்டுவழியே நடந்து மாண்ட பாதையை அவர்களின் வழித்தோன்றல்கள் தம் கால்களாலேயே மீண்டும் அளந்தமை, தலைவர் சிலைகளுக்கு மாலையிடும் விழாக்களினின்றும் பெரிதும் வேறுபட்ட நினைவுகூரலாகும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. பல்லாண்டுக் கால இயக்கங்களின் பயன் அது. அச்சட்டம், எந்த நாளிலிருந்து இந்நாட்டின் நிரந்தர வாசிகளாயிருந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் உரிமைக்குத் தகுதியுடையோர் என ஒரு தேதியைக் குறிப்பிடுகிறது. அது அவர்களின் பாட்டன்மார் மலையேறிய நாளன்று. அவர்கள் வாக்களித்த 1947இன் நாளுமன்று. 1964 அக்டோபர் 30, இரு தலைவர்கள் கையொப்பமிட்ட நாள்.